பல் மரத்தடி விரியன்கள்

அன்பு மகன் ரஸ்ஸலுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் வலித்துவிட்டு மழை வந்ததும் அடங்கிவிடுகிறது. அங்கே நீயும் மருமகள் அனஹேராவும் பேத்தி டில்லிக் கண்ணும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும், அதுதான் காலையில் கெட்டிலை வைக்கும்போதே என் நினைப்பு. உங்கள் நியூசிலாந்து வெலிங்டனில் காற்று ஆளைத் தள்ளுகிறது என்றாயே, நெஞ்சுச் சளி உனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ளதுதான், கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போ. வீட்டைச் சூடாக்கும் பாய்லரை மாற்றியாயிற்று, புதியது சத்தமே போடுவதில்லை, அதனால் வேலை செய்கிறதா என்று நான் அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. சர்ச் கூரையில் ஈயத் தகட்டை மறுபடியும் எவனோ உரித்துக்கொண்டு போய்விட்டான். புதர்வெளியில் ஹெதர் செடியெல்லாம் ஊதாவாக முழுக்கப் பூத்து இப்போதுதான் நிறம் மங்கத் தொடங்கியிருக்கிறது, இந்த வருஷம் தேனும் நல்ல விளைச்சல், ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன், உங்கள் ஊர் விமான நிலையத்தில் தேனைப் பிடுங்கிக்கொள்வார்களாமே, இங்கேயே வந்து சாப்பிடு.

கிறிஸ்துமஸுக்கு மூன்று பேரும் வருவதாகப் போன வாரம் போனில் சொன்னாய். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதோடு, டில்லியைப் பல் மரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்றும் சொன்னாய். நான் பதில் பேசவில்லை, லைன் சரியில்லை என்று நீ நினைத்துக்கொண்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. அதற்காகத்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன், போனில் சொன்னால் நீ குறுக்கே பேசிச் சிரிக்க வைத்துவிடுவாய், நானும் விட்டுவிடுவேன்.

உனக்கு நினைவிருக்கும், பைன் காட்டுக்குள் நுழைந்து ஓடையைத் தாண்டி, தெற்குப் பார்த்த அந்தக் கரைமேட்டில் வளைந்து நிற்கும் பைன் மரத்தடியில் உன் முன்பல் விழுந்தது. அப்பா அதைத் தேடி அரைநாள் பெரணிக்குள் தவழ்ந்தார். தவழ்ந்த இடத்தில்தான் மரப்பட்டை மாதிரி சுருண்டு கிடந்த முதல் விரியனைப் பார்த்தார். குளிர்காலம் முழுக்க அந்த மேட்டுக்குள்தான் எல்லாம் கூட்டமாக உறங்குகின்றன என்று அதற்கப்புறம்தானே தெரிந்தது. பல் மரம் என்ற பெயர் நமக்குள்ளேயே, உனக்கும் எனக்கும் அப்பாவுக்கும் மட்டும். டெரெக் மாமாவுக்குக்கூட அது வளைந்த பைன்தான். அவர் பக்கத்துத் தெரு வீட்டுக்காரர், அப்பாவோடு அந்த மேட்டைக் காவல் காத்தவர், அப்பா போன பிறகும் ஒவ்வொரு வசந்தத்திலும் என்னோடு வந்தவர். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். வருஷத்தின் முதல் விரியன் வெயிலுக்கு வெளியே வந்ததை யார் பார்க்கிறார்களோ அவர் ஒரு கோர்ஸ் முட்செடிக் கொத்தை மஞ்சள் பூவோடு ஒடித்து மற்றவர் வீட்டுக் கேட்டில் செருகிவிட்டுப் போக வேண்டும். வாய் திறந்து சொல்லக் கூடாது. தோற்றவர் ஆப்பிள் கேக் செய்ய வேண்டும். பாம்பு இருக்கும் இடம் ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குப் போனால் ஒன்று மண்வெட்டியோடு வருவார்கள், இல்லை கேமராவோடு வருவார்கள், இரண்டும் ஒன்றுதான் என்பார் அப்பா.

இந்த வருஷம் கேமராவோடு வந்தார்கள். மார்ச் தொடக்கத்தில் ஆண் விரியன்கள் சாம்பல் வெள்ளி நிறத்தில் கரைமேட்டில் படுத்துக் குளிர் காயும் நாட்கள். நான் போனபோது மேடெல்லாம் பூட்ஸ் தடம். விரியன்கள் அடியில் ஒதுங்கட்டும் என்று நாங்கள் போட்டு வைத்த தகரத் தகடுகளைப் புரட்டிப் போட்டிருந்தார்கள். மேட்டின் ஒரு பக்கம் மிதிபட்டு உள்ளே சரிந்து, பொந்தின் வாயே அடைபட்டிருந்தது. மறுநாள் வேறு ஆட்கள், அதற்கடுத்த நாளும். இந்த இடம் உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும், அதில் ஒருவன் பூமியின் அடிப்பக்கத்தில் இருக்கிறான், நான் சொல்லவில்லை, அப்புறம் யார். இப்படித்தான் நான் கணக்குப் போட்டேன். சர்ச் ஹாலில் எல்லாரும் சூப் குடித்துக்கொண்டிருக்கும்போது டெரெக் மாமாவின் முகத்துக்கு நேரே கேட்டேன், “பப்ல உக்காந்து எவன்கிட்ட உளறின டெரெக்? என் கென் உயிரோட இருந்திருந்தா உன் மூஞ்சில முழிப்பாரா?” என்று. அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “உனக்கு அப்படித் தோணுதுன்னா தோணிட்டுப் போகட்டும் மோரீன்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. சூப் நன்றாக இருக்கிறது என்று யாரோ பேச்சை மாற்றினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். நான் அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன், டெரெக் இப்படிச் செய்துவிட்டாரே என்று. நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய். எனக்காக வருத்தப்படுகிறாய் என்று நினைத்தேன். பிறகு சொன்னாய், “வயசாயிடுச்சுல்லம்மா அவருக்கு, பேச ஒரு ஆள் கிடைச்சா யாரா இருந்தாலும் வாய் விட்டுடுவாங்க. விடு.” இந்த வார்த்தையை நான் எழுத்துப் பிசகாமல் வைத்திருக்கிறேன் ரஸ்ஸல்.

அடுத்த வாரம் காட்டுப் பாதையில் ஒருவன் எதிரே வந்தான், நல்ல குடும்பத்துப் பையன் மாதிரிதான் இருந்தான், கையில் வளைந்த கம்பி, தோளில் ஐஸ் பெட்டி. என்னைப் பார்த்துச் சிரித்து, “இந்தப் பல் மரம் எந்தப் பக்கம்ங்க? வழி தவறிடுச்சு” என்றான். நம் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாத பெயர். அந்தப் பெயர் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நியூசிலாந்தில் இருக்கிற ஒருத்தர் தன் இணையப் பக்கத்தில் சின்ன வயசுப் படத்தோடு வழியெல்லாம் போட்டிருந்தாராம். “போன ஞாயித்துக்கெழம வரைக்கும் இருந்துச்சு, ஏன்னு தெரியல, தூக்கிட்டாரு” என்றான். ஐஸ் பெட்டியில் என்ன என்றேன். பெருமையாகத் திறந்தே காட்டினான். ஐஸ் மேல் ஒரு வெள்ளி நிற ஆண் விரியன் விறைத்துக் கிடந்தது. குளிர்ந்தால் ஓடாதாம், அழகாகப் படம் எடுக்கலாமாம். நான் பெட்டியைப் பிடுங்கி வெயிலில் கவிழ்த்துவிட்டு அவன் போகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். அது அசையவில்லை.

உங்கள் நாட்டில் பாம்பே கிடையாது, கேட்கிறவர்கள் வாயைப் பிளந்திருப்பார்கள், உனக்கும் ஊர் ஏக்கம், தெரியாமல் செய்திருப்பாய். அதை நான் மன்னித்துவிட்டேன், உண்மையாகவே. ஆனால் நான் போனில் அழுதபோது உனக்குத் தெரியும். தெரிந்துதான் அன்றைக்கே அதை எடுத்தாய். எடுக்கக் கை வந்தது, “நான்தாம்மா” என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. உனக்கு ஷூ லேஸ் கட்டச் சொல்லிக்கொடுத்த மனுஷனை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனை வைத்தாய். அப்புறம் எத்தனை ஞாயிறு, மழை எப்படி, பாய்லர் எப்படி என்று கேட்டாய். நானும் பதில் சொன்னேன், ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்வான் என்று காத்திருந்தேன்.

டெரெக் மாமா வீட்டுக்கு நான் போனேன், கேக்கும் எடுத்துக்கொண்டு. கதவுக்கு வெளியே நின்றே மன்னிப்புக் கேட்டேன். அப்போதுதான் சொன்னார், முதலில் வந்த ஆட்களை அவர் மறித்தபோதே அவர்கள் போனைக் காட்டியிருக்கிறார்கள், பல்லில்லாமல் சிரித்துக்கொண்டு நிற்கிற உன் படத்தை. ஹாலில் நான் கத்தும்போதே அவருக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “உன் புள்ளயப் பத்தி உங்கிட்ட நான் எப்படிச் சொல்றது மோரீன். என்னைத் திட்டினா ஒரு மாசத்துல ஆறிடும்” என்றார். கேக்கை வாங்கிக்கொண்டார், உள்ளே வா என்று சொல்லவில்லை. கோடை முழுக்க அப்படித்தான் போயிற்று. தெருவில் பார்த்தால் தொப்பியைத் தொடுவார், அவ்வளவுதான். மேட்டிலும் ஒன்றும் இல்லை. மிஸ் ஹாக்கின்ஸ், உன் தலைமை ஆசிரியையின் முறைப்பு இருக்கிறது என்று நீயே பெயர் வைத்தாயே, அந்தப் பெரிய பழுப்பு விரியன், அவளையும் காணவில்லை. செத்துவிட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பால் எடுக்கப் போனேன், கேட்டில் ஒரு கோர்ஸ் கொத்து. செப்டம்பரில். டெரெக் மாமா தெருமுனையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஒன்றும் பேசாமல் அவர் பின்னால் போனேன், வெகு தூரம், நீ ஒருநாளும் வராத பக்கம். அங்கே வெயிலில் மிஸ் ஹாக்கின்ஸ் படுத்திருந்தாள், தலையில் அதே குறி, அதே முறைப்பு, இளைத்து எலும்பும் தோலுமாக. சுற்றிலும் ஈன்ற குட்டிகள், பென்சில் நீளம்கூட இல்லை. ஒவ்வொன்றின் முதுகிலும் அந்த வளைவுக் கோடு இப்போதே இருக்கிறது. இரண்டு பேரும் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். வரும்போது, கேக் உன் முறை என்றார்.

ஆகவே கிறிஸ்துமஸுக்கு வாருங்கள். உன் அறையைத் தூசு தட்டிவிட்டேன், டில்லிக்குச் சின்னக் கட்டிலும் வாங்கப் போகிறேன். பல் மரத்தை அவளுக்குக் காட்டு, இனி அது வெறும் மரம்தான், யாருக்கும் கெடுதலில்லை. வந்த அன்றைக்கே பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன் டெரெக் மாமா வீட்டுக்குப் போ, தனியாகப் போ, என்ன பேச வேண்டும் என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அனஹேராவுக்கு என் அன்பு, குழந்தைக்கு முத்தம், கடவுள் உங்கள் மூன்று பேரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும். மாத்திரையை மறக்காதே.

அந்தக் கோர்ஸ் கொத்தைச் சமையலறை ஜன்னலில் தண்ணீரில் வைத்திருக்கிறேன், இன்னும் வாடவில்லை. டில்லி வளர்ந்து வாயை அடக்கக் கற்றுக்கொண்டால் ஒருநாள் அவளைக் கூட்டிப்போவேன். நீ கேட்காதே ரஸ்ஸல். நீ என் பிள்ளை, என் உயிரையும் உனக்குத் தருவேன், அந்த இடத்தை மட்டும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
மோரீன்