மூன்றாம் ஓலை

1927 ஏப்ரல் 27, புதன்

மழை. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பதினோரு பிள்ளைகள்தான் வந்தார்கள். மத்தியானம் இருளப்பன் கங்காணிக்கு ஓலை என்றால் என்னவென்று விளக்கினேன். மூன்று ஞாயிறு போதகர் சபையில் என் பெயரையும் கங்காணியின் தங்கை சின்னம்மாவின் பெயரையும் வாசித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்பார். யாரும் சொல்லாவிட்டால் கல்யாணம். அவர் முகம் கறுத்துவிட்டது.

"எங்க புள்ளைக்கு என்ன கொறைன்னு தோட்டத்தையே கேப்பீங்களா?" என்றார். தங்கை போன கிறிஸ்துமஸுக்கு ஞானஸ்நானம் பெற்றதே அவருக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. எங்கள் முறை அப்படி என்றேன். எனக்கு மட்டும் பிடித்திருக்கிறதா? முப்பத்துநான்கு வயது ஆகிவிட்டது.

மே 1, ஞாயிறு

முதல் ஓலை வாசித்தாயிற்று. போதகர் இரத்தினபுரியிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் வருகிறார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்துகிறவன் உபதேசியாராகிய நான். போன வருடம் எங்கள் சபைத் தங்கம்மாவுக்கு நானே ஓலை வாசித்து மூன்றே வாரத்தில் முடித்துக் கொடுத்தேன். என் ஓலையை நான் வாசிக்கக் கூடாதாம். ஊருக்கெல்லாம் மூன்று வாரம், உபதேசியாருக்கு மூன்று மாதம். நல்ல நியாயம்.

இருளப்பன் வாசலில் நின்றே கேட்டார். உள்ளே வரவில்லை.

மே 12, வியாழன்

தங்கம்மா வந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் இதே பேச்சுதானாம். சின்னம்மா முழுகாமல் இருக்கிறாளாம். வேதம் படிக்க வந்தவளை நான் — சீ, எழுதக் கை கூசுகிறது. அதை மறைக்கத்தான் கல்யாணமாம்.

யார் கிளப்பியது என்று எனக்குத் தெரியும். ஏழுமலை. தன் தம்பிக்குப் பெண் கேட்டுப் போனான், அவள் மாட்டேன் என்றாள். அவன் குடியிருக்கிற லயத்துக்குப் போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்டால் என்ன? உபதேசியார் கேட்கக் கூடாதோ? உபதேசியாருக்கு ரோஷமே கிடையாதோ?

இதற்கு ஒரே வழி உடனே கல்யாணம். தாலி ஏறிவிட்டால் எல்லாரும் வாயை மூடுவார்கள். ஆண்டவரே, சீக்கிரம்.

மே 13, வெள்ளி

இருளப்பன் காதுக்கும் போய்விட்டது. ஆடிக்கு முன்னால் தாலி கட்ட வேண்டும், இல்லாவிட்டால் தங்கையைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்கே போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜூன் ஒன்று, ஜூலை ஒன்று. ஆடிக்கு முன்னால் முடிந்துவிடும். முடிய வேண்டும்.

ஜூன் 5, ஞாயிறு

போதகர் வரவில்லை. இரத்தினபுரிக் கடைத்தெருவில் தோணி விடுகிறார்களாம். முந்தாநாள் பலாங்கொடையில் பஸ்காரரிடம் எப்போது பாதை திறக்கும் என்று கேட்டேன். "ஹெட்ட" என்றார், நாளைக்கு. அவருடைய நாளை இன்று வரைக்கும் வரவில்லை.

இன்று பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். போதகர் போன மாதமே குறித்துக் கொடுத்த பாடம். பிரசங்கித்ததில் ஒரு வார்த்தையையாவது நான் நம்பியிருந்தால் கேளும், ஆண்டவரே. வெள்ளத்தை அடுத்த வாரம் அனுப்பினால் உமக்கு என்ன குறைந்துபோகும்?

ஜூன் 12, ஞாயிறு

இரண்டாம் ஓலையை நானே வாசித்துவிட்டேன். ஆராதனை முடிந்ததும் என் பெயரை நானே வாசித்து, தடை உண்டா என்று நானே கேட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

சின்னம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை.

ஜூலை 3, ஞாயிறு

போதகர் வந்தார். நான் வாசித்தது செல்லாது என்றார். உபதேசியாரே முறை தவறியபிறகு விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது, முதலிலிருந்து வாசிக்க வேண்டும். இன்று முதல் ஓலை. ஆகஸ்டில் இரண்டாவது. செப்டம்பரில் மூன்றாவது.

கத்திவிட்டேன். ஒரு பெண்ணின் மானம் போகிறது, நீங்கள் சட்டம் பேசுகிறீர்கள் என்றேன். அவர் நிதானமாகப் புத்தகத்தைப் பைக்குள் வைத்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

என் அவசரத்தால் வந்தது. அது தெரிகிறது. தெரிவதால் கோபம் குறைகிறதா என்ன?

ஜூலை 4, திங்கள்

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்ததும் இருளப்பன் தங்கையோடு வந்தார். இந்த வாரமே புறப்படுகிறோம் என்றார். நான் கெஞ்சினேன். அதுவரை சும்மா நின்றிருந்த சின்னம்மா அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: "இப்ப நான் போனா, புள்ள பெக்கப் போயிட்டான்னு சொல்லுவாங்கண்ணே. நான் போவல. தெனமும் மலைக்குப் போயி கொழுந்து எடுக்கிறேன். எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் கொஞ்சம் சும்மா இருங்க."

எனக்கு ஏன் இது தோன்றவில்லை? தாலி கட்டினால் பேச்சு அடங்கும் என்றல்லவா நினைத்தேன். முட்டாள்.

ஜூலை 19, செவ்வாய்

ஆடி பிறந்துவிட்டது. இருளப்பன் போகவில்லை. என்னோடு பேசவுமில்லை.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

இரண்டாம் ஓலை. இருளப்பன் உள்ளே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

தங்கம்மா சொல்கிறாள்: பீலியடியில் பெண்கள் சின்னம்மாவின் வயிற்றைத்தான் பார்க்கிறார்களாம். அவள் அவசரமே படாமல் குடத்தைக் கழுவி, நிரப்பி, இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறாளாம். இந்தப் பாட்டை அவள் ஏன் படவேண்டும்? உம்முடைய நேரம் உமக்கு. படுவது அவள்.

செப்டம்பர் 4, ஞாயிறு

நேற்று வரைக்கும் பயம். மறுபடி வெள்ளம் வரும், போதகருக்குக் காய்ச்சல் வரும் என்று. வந்துவிட்டார்.

ஆராதனைக் கொட்டகை நிறைய ஆட்கள். கோவிலில் சாமி கும்பிடுகிறவர்களும் வந்து சுவரோரம் நின்றார்கள். ஏழுமலையும் நின்றான். போதகர் மூன்றாம் ஓலையை வாசித்து, தடை உண்டா என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடப் போனார்.

இருளப்பன் எழுந்து நின்றார்.

"இன்னொரு தடவ கேளுங்கய்யா," என்றார். "எல்லாரும் வந்திருக்காங்க. நல்லா சத்தமாக் கேளுங்க."

போதகர் அவரைப் பார்த்தார், சின்னம்மாவைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைத் திறந்து மறுபடியும் கேட்டார், நிதானமாக. ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். யாரும் வாய் திறக்கவில்லை. இருளப்பன் எல்லாரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

புதன்கிழமை கல்யாணம். மே மாதமே கட்டியிருந்தால் ஏழுமலை சொன்ன சொல் அவள் சாகிறவரைக்கும் அவள் மேலேயே நின்றிருக்கும். நான் ஆண்டவரிடம் சண்டை போட்டுக் கேட்டது அதைத்தான்.