எதிரணி வட்டத்தில் என் அண்ணன்

12 அக்டோபர் 1943, செவ்வாய்

ஊரில் கறி இல்லை. ரேஷன் கூப்பன் அட்டையை நீட்டினால் கசாப்புக்கடைக்காரர் எலும்பைக் காட்டுகிறார். ஆனால் கடற்படை விமானப் பயிற்சிப் பள்ளியின், பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதும் ஃபுட்பால் அணிக்கு மட்டும் தினமும் ஆளுக்கொரு மாட்டிறைச்சித் துண்டு, தட்டை விடப் பெரியது. போரை அவர்கள்தான் வெல்லப் போகிறார்களாம், சனிக்கிழமைதோறும், மக்காச்சோளக் கொல்லைக்கு நடுவில்.

கடல் இங்கிருந்து ஆயிரம் மைல். அதனாலென்ன? பள்ளியில் தரையைக் கப்பல் தளம் என்கிறார்கள். அப்பாவும் வீட்டில் அப்படியே. "வெர்னா, தளத்தைக் கூட்டினியா?" போன வருஷம் வரை உடற்பயிற்சி ஆசிரியர். இப்போது லெப்டினன்ட் ஸ்டென்சல், அணியின் துணைப் பயிற்சியாளர். அம்மா இருந்தால் சிரித்திருப்பாள். அவள் காலிஃபோர்னியாவில் கப்பல் கட்டும் இடத்தில் இரும்பு பற்றவைக்கிறாள். எங்கள் குடும்பத்தில் நிஜக் கப்பலைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

இந்த டைரியை அப்பா பார்த்தால் தொலைந்தேன். மாடிப்படியில் சத்தம் வந்தாலே தலையணைக்கு அடியில் தள்ளிவிடுகிறேன்.

16 அக்டோபர், சனி

34-0, நம் அணிக்கு. பெர்லினே விழுந்துவிட்டது போல ஊரில் மணி அடித்தார்கள்.

24 அக்டோபர், ஞாயிறு

அதே பள்ளியில் விமானப் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் கார்வின் அண்ணன் ஒருநாள் விடுப்பில் வீட்டுக்கு வந்தான். மூன்று பேர் சாப்பாட்டைத் தின்றுவிட்டு விமானத்தைப் பற்றியே பேசினான். எட்டு வயதில் படுக்கை விரிப்பைக் கட்டிக்கொண்டு வைக்கோல் கொட்டகைக் கூரையிலிருந்து குதித்தவன். அதே ஆள், இப்போது சீருடையில். விமானத்தைத் தொடுவதற்கு முன் இந்தப் பள்ளியில் எல்லாரும் ஃபுட்பால் ஆடியே தீர வேண்டும். "மைதானத்துல அடி வாங்காதவன் வானத்துல அடி வாங்குவான்" என்பது அணியின் தலைமைப் பயிற்சியாளர் கமாண்டர் ஹாலக்கின் பொன்மொழி. அவர் எந்த வானத்தில் பறந்தார் என்று யாரும் கேட்டதில்லை. பள்ளிக்கு வருமுன் அவர் தொழில்முறை அணிக்குப் பயிற்சியாளர்.

30 அக்டோபர், சனி

ஒவ்வொரு முறை பந்தை எடுப்பதற்கு முன்னும் அணிகள் தனித்தனியே வட்டமாகக் குனிந்து, கிசுகிசுத்துத் திட்டம் போடும். இன்று ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் நான்கு பேர் அண்ணன் மேல் விழுந்தார்கள். எழுந்தான். தோல் தலைக்கவசம் கோணி ஒரு கண்ணை மறைத்திருந்தது. சரிசெய்துகொண்டான். நேரே போய் எதிரணியின் வட்டத்தில் குனிந்து நின்றான். பக்கத்தில் நின்றவன் தோளில் கையும் போட்டுக்கொண்டான்.

அரங்கமே சிரித்தது.

"வேவு பாக்குறான்டா!" என்று என் பின்னால் ஒருத்தன். கமாண்டர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். எதிரணிக்காரன் ஒருவன் அவனைப் பிடித்து, வழி தவறிய கன்றைப் போலத் திருப்பிவிட்டான்.

அப்போது அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவன் வேடிக்கை காட்டவில்லை. எல்லாரும் சிரிப்பதைப் பார்த்து, ஏனென்று தெரியாமல், அவனும் சிரித்தான்.

31 அக்டோபர், ஞாயிறு

வீட்டுக்கு வந்த அண்ணன் காப்பியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினான். மேசை விரிப்பு பழுப்பாகிக்கொண்டே போனது. அப்பா செய்தித்தாளில் மூழ்கியிருந்தார். 'எதிரிக் கூடாரத்தில் புகுந்த குறும்புக்காரர்' என்று தலைப்பு. பத்திரிகைக்காரர்களுக்கும் கண் இருப்பதாகத்தான் கேள்வி.

கொல்லைப்புறத்தில் பிடித்துக் கேட்டேன்.

"எத்தனை விரல் காட்டுறேன்?"

"எந்தக் கைல?"

நான் ஒரு கையைத்தான் காட்டியிருந்தேன்.

"குட்டி, வாயத் திறந்த, தொலைஞ்ச. கண்ணு சரியில்லன்னு தெரிஞ்சா விமானத்துல ஏத்த மாட்டானுங்க. உருளைக்கிழங்கு உரிக்க விட்டுடுவானுங்க."

"உரிச்சா என்ன? கிரீடம் இறங்கிடுமா?"

"தானா சரியாயிடும்டி. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவன் என் தலையைத் தொட வந்தான். கை காற்றைத் தொட்டது.

3 நவம்பர், புதன்

விமானத்தில் தரை இரண்டாகத் தெரிந்தால் எந்தத் தரையில் இறங்குவான்?

அப்பாவிடம் சுற்றி வளைத்துச் சொன்னேன். "அண்ணனுக்கு ரொம்பத் தலைவலிப்பா."

"ஃபுட்பால் ஆடினா தலை வலிக்காம?" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், "என் பையனுக்குத் தல சுத்துதுன்னு கமாண்டர்கிட்ட நான் எப்படிம்மா போய் நிப்பேன்?"

தலை சுற்றுகிறது என்று நான் சொல்லவே இல்லையே.

10 நவம்பர், புதன்

பள்ளி விட்டதும் பயிற்சிப் பள்ளி மருத்துவரிடமே போனேன். வாசல் வரை போய் இரண்டு முறை திரும்பினேன். சத்தியத்தை மீறுகிறேன் என்பது ஒன்று, அந்த வெள்ளைக் கோட்டு ஒன்று. டாக்டர் விட்கோம் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு ஒரு சாக்லேட் கொடுத்தார்.

"இருபதாம் தேதி கடைசி ஆட்டம். ஒரு ஆட்டம்கூடத் தோக்காத அணிம்மா. அது முடியட்டும், திங்கக்கிழமை நானே அவன் கண்ணப் பாக்குறேன்."

"அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?"

"அவனவன் குண்டு மழைல நிக்கிறான். நீ பந்துக்குப் பயப்படுற."

சாக்லேட்டை அவர் முகத்தில் எறிந்திருக்க வேண்டும். சர்க்கரை கிடைக்காத காலம். வழியிலேயே தின்றுவிட்டேன். என்னையும் நான் பெரிதாக மதிக்கவில்லை.

13 நவம்பர், சனி

ஜெயித்தார்கள். அண்ணன் பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டியதும் முட்டி போட்டு வாந்தி எடுத்தான். அதற்கும் கை தட்டினார்கள்.

19 நவம்பர், வெள்ளி

என்ன பண்றது? யார்கிட்டப் போறது? சொன்னா அவன் என்னை வெறுப்பான், அப்பா வேலை போகும். சொல்லலன்னா - அந்த வரியை எழுதக் கை வரவில்லை. இத்தனை பெரிய மனிதர்கள், தோள் நிறைய பட்டை. ஒருத்தனுக்கும் முதுகெலும்பு இல்லை. எனக்கும்தான்.

20 நவம்பர், சனி

இதை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

இடைவேளை. 13-7, நம் பக்கம் முன்னிலை. அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்தான். வாத்தியக் குழு மைதானத்தில் இறங்கியது. நான் அவர்கள் ஓரமாகவே நடந்து, எதிரணியான பல்கலைக்கழக அணியின் பெஞ்சுக்குப் போய்விட்டேன். அவர்களுக்கும் ஒரு மருத்துவர் இருந்தார். கிழவர், பெயர் லின்ட்க்விஸ்ட். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாப்பா, வேவு பாக்க வந்தியா?"

"எங்க இருபத்தேழாம் நம்பர். மூணு வாரமா எல்லாம் ரெண்டாத் தெரியுது. எங்க டாக்டர் திங்கக்கிழமை பாக்கலாம்கிறார்."

மெல்லுவதை நிறுத்தினார். "வாந்தி எடுத்தானா?"

"எடுத்தான். இப்பத் தூங்குறான், பாருங்க."

கடலையைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, ட்ரம்பெட் ஊதுகிறவர்களுக்கு நடுவே நேராக நடந்தார். நான் பின்னால். கமாண்டர் ஹாலக் குரலை உயர்த்தினார்: "தோக்கற பயத்துல டாக்டரயே அனுப்பிட்டானுங்களா?"

கிழவர் பெஞ்சுக்கு முன் மண்டியிட்டார். அண்ணனின் இமையைத் தூக்கி, டார்ச் அடித்தார். ஒரு கண்மணி ஊசிமுனை. மற்றது சட்டைப் பொத்தான் அளவு.

"இவன இன்னொரு தடவ இறக்கினா அதுக்குப் பேரு விளையாட்டு இல்ல, கமாண்டர். கொலை. நடுவரையும் கூப்பிடுங்க, அவர் முன்னாடியும் சொல்றேன்."

அப்பா என்னைப் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஸ்ட்ரெச்சர் வந்ததும் குனிந்து அதன் ஒரு முனையைத் தூக்கினார்.

அண்ணன் கண்ணைத் திறந்தான். "சத்தியம் பண்ணினியேடி" என்றான். பிறகு திறக்கவில்லை.

22 நவம்பர், திங்கள்

14-13. தோற்றுவிட்டார்கள். பள்ளியில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மேசையில் சுண்ணாம்புக்கட்டியால் 'துரோகி'. அந்த ஒரு புள்ளிக்காக ஒருத்தி கழிப்பறையில் விக்கி விக்கி அழுதாள். என் அண்ணனின் மண்டையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்திருக்கிறார்கள். அதைப் பற்றி ஒருத்தியும் கேட்கவில்லை.

அவன் விழிக்கவில்லை.

25 நவம்பர், வியாழன்

நன்றி கூறும் நாள். வழக்கமான வான்கோழி விருந்து இல்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அப்பாவும் நானும் முட்டை வைத்த ரொட்டி தின்றோம். பிழைத்தாலும் இனி ஒருநாளும் விமானம் ஓட்ட முடியாதாம். அதை அவனிடம் சொல்ல வேண்டியவள் நான்தான். வேறு யாருக்கும் தைரியம் வராது.

"அன்னிக்கு அவன் அந்த வட்டத்துல நின்னப்பவே எனக்குத் தெரிஞ்சுதும்மா" என்றார் அப்பா.

"சிரிச்சீங்களே."

"ஆமா."

ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டார். இரக்கப்பட நினைத்தேன். வரவில்லை.

26 நவம்பர், வெள்ளி

காலையில் விழித்தான். தலை முழுக்கக் கட்டு. என்னை அடையாளம் தெரிந்ததா, கோபம் இருக்கிறதா, ஒன்றும் புரியவில்லை. உதடு அசைந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"யாரு ஜெயிச்சா?"

"அவங்க."

"எவ்ளோ?"

"பதினாலு, பதிமூணு."

கண்ணை மூடிக்கொண்டான். வெகுநேரம். நர்ஸைக் கூப்பிட எழுந்தேவிட்டேன். அப்போது சொன்னான்:

"ஒரே பாயின்டா? நான் இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம், கழுத."

வெளியே ஓடிவந்து சுவரில் சாய்ந்து அழுதேன். மண்டையைத் திறந்து பார்த்தவர்கள் இதை மட்டும் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். அதே திமிர். அதே முட்டாள்தனம். ஒரு துளி குறையவில்லை. அவனேதான்.