தேவதாருப் பலகையில் வெட்டிய காடிகள்

அக்கா,

சாய்தளம் வழுக்குகிறது என்று அன்று நான் உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் பெயர்த்து எடுத்துவிடுவீர்களோ என்று பயந்தேன்.

இன்று காலை தூறல். நீங்கள் இல்லாமல் போன பிறகு வந்த முதல் மழை. நனைந்த பலகையிலிருந்து அந்த எண்ணெய் வாசம் எழுந்தது. வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது, ஆனால் எங்கும் உளுத்துப்போகவில்லை.

நடக்க முடியாத எனக்கு மூன்று சக்கர ஸ்கூட்டர் கிடைத்த வருடம் அது. வண்டி தெருவில் நிற்கும். நான் படிகளுக்கு மேலே வாசலில் இருப்பேன். அப்பா தூக்கி இறக்கினால்தான் கல்லூரி. கரும்பு வெட்டுக்கு அவர் விடியும் முன்பே கிளம்பிவிடும் மாதங்களில் கல்லூரி கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கள்ளக்குறிச்சிச் சிற்பக்கூடத்தில் மரச்சிலைகளை உப்புத்தாளால் தேய்ப்பது உங்கள் வேலை. வடக்கேயிருந்து வந்த ஓர் ஆர்டரில் மிஞ்சிய தேவதாருப் பலகைகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தீர்கள். சாய்தளம் போட்டால் வண்டியே வாசல்வரை ஏறிவரும் என்றீர்கள். அம்மா பலகையை நகத்தால் கீறினாள். தடம் விழுந்தது.

"இன்னா இது, இவ்ளோ மெத்துனு கீது. வண்டிய தாங்குமா?"

"அடியில நெருக்கமா கட்டை குடுத்தா தாங்கும். இதுல எண்ணெ ஜாஸ்தி, கரையான் கிட்ட வராது, மழைக்கும் ஊறாது. கனம் கம்மி, நானே தூக்கியாந்துட்டேன் பாரு."

ஓரத்தில் ஆணி அடித்தால் பிளக்கும் என்று முதலில் துளை போட்டு, பிறகு அடித்தீர்கள். அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. சாமி முகத்தைத் தேய்ப்பதுபோல் இரண்டு ஞாயிறு தேய்த்தீர்கள்.

"மொகம் பாத்துப் பொட்டு வெச்சுக்கலாம் போலக்கீது" என்றாள் அம்மா.

முதல் தூறலில் வண்டி பிரேக்குக்கு நிற்காமல் சறுக்கித் தெருவுக்குப் போனது. "எப்பிடி பாப்பா கீது?" என்று கேட்டீர்கள். நன்றாக இருக்கிறது என்றேன். நீங்கள் நம்பவில்லை. வெறுங்காலோடு ஏறி, பாதியில் சறுக்கி உட்கார்ந்தீர்கள்.

"ஏம் பாப்பா, வாய்ல இன்னா கொழுக்கட்டையா?" உட்கார்ந்தபடியே சிரித்தீர்கள். "தேய்ச்சுத் தேய்ச்சே கை பழகிடுச்சு. செலை மேல எவன் வண்டி ஓட்றான்?"

உடனே போய் உளியோடு வந்தீர்கள். அந்த வழவழப்பின் மேல், சக்கரம் பிடிக்கும்படி, குறுக்கே வரிசையாகப் பள்ளக் கோடுகளாகக் காடி வெட்டினீர்கள். மெத்தென்ற மரம், உளி சுலபமாக இறங்கியது. உங்கள் முகத்தில் வருத்தமே இல்லை.

நான் செய்த ஒன்று அழகாக இருந்தும் யாருக்கும் உதவாதபோது, அதன்மேல் உளி வைக்க எனக்கு இப்போது கை கூசுவதில்லை. அது நீங்கள் தந்தது.

நீங்கள் காடி வெட்டிய மறுநாளும் மழை. அப்பா கரும்புக்குப் போய்விட்டார். நான் வண்டியை மெல்ல இறக்கி, கல்லூரிக்குப் போனேன்.