புண்ணாக்குக் கொட்டகையில் நின்ற கார்

அன்பும் மரியாதையும் குறையாத, ஆனால் முன்னைப்போல் அவ்வளவு எளிதாகப் புரியாத மாமாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. இங்கே எல்லாரும் நலம். செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. மீனாட்சிபுரம் செக்போஸ்டில் லாரிகள் முன்பு போலவே வரிசையில் நிற்கின்றன. நாட்டில் நெருக்கடி நிலை அறிவித்துக் கிண்டலுக்குக் காலவரையற்ற விடுமுறை விட்டிருப்பதால் என் நையாண்டிக் கட்டுரைகளைப் பத்திரிகைகள் இப்போது கேட்பதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கு வேறு வேலை இல்லை. அதனால் உங்கள் காரைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன்.

'உங்கள் கார்' என்று எழுதும்போது பேனா ஒருமுறை நின்றது. எட்டு வருடம் உங்கள் மாப்பிள்ளையாக இருந்தவன் நான். ஸ்கூட்டர் வாங்கிய அன்று நீங்கள் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "மாடுன்னா கோவத்தக் கண்ணுல காட்டீரும் மாப்ள. இதுக்குக் கண்ணே இல்லீங்களே" என்றீர்கள். நான் ஹெட்லைட்டைக் காட்டினேன். "அது நாம போட்டாத்தானுங்களே எரியும்" என்றீர்கள்.  அப்படிப்பட்ட நீங்கள் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் சொந்தக்காரர் என்றால், நான் உங்களைப் பற்றி இத்தனை நாள் நினைத்திருந்ததை எல்லாம் என்ன செய்வது?

நடந்ததைச் சொல்கிறேன். புதிதாக வாங்கிய இரண்டு மாடுகளைக் கட்ட இடம் போதவில்லை. தோட்டத்து மேற்குக் கோடியில் நீங்கள் பூட்டி வைத்திருந்த புண்ணாக்குக் கொட்டகையைத் திறக்கலாம் என்று உங்கள் மகள் ருக்மணி சொன்னாள். உள்ளே பூச்சி மருந்து இருக்கிறது, ஒருவரும் கிட்டப் போகக் கூடாது என்பது உங்கள் உத்தரவு. ஆகவே மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு போய்ப் பூட்டை உடைத்தோம்.

பூச்சி மருந்து இல்லை. புண்ணாக்கும் இல்லை. தார்ப்பாயை இழுத்தால், நீண்ட மூக்கும், தரையோடு தரையாகத் தாழ்ந்த உடம்பும், இரண்டே இருக்கைகளுமாக ஒரு பச்சைக் கார். சினிமா போஸ்டரில் கதாநாயகன் தலைமுடி பறக்க ஓட்டுவானே, அந்த வகை. சக்கரங்களைக் கழற்றி ஓரமாக அடுக்கி, வண்டியை நான்கு கருங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தீர்கள். மழைக்காலத்தில் கட்டை வண்டியை ஏற்றி வைப்பீர்களே, அதே மாதிரி. இருக்கை முழுக்க வேப்பிலைச் சருகு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ருக்மணிக்கு வரவில்லை.

"வண்டி வசதி இல்லைன்னாருங்க எங்கய்யன்" என்றாள். துண்டை மூக்கிலிருந்து இன்னும் அவிழ்க்கவில்லை.

அது உங்களுக்கு நினைவிருக்கும். எஸ்.எஸ்.எல்.சி.யில் அவள் பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்தாள். தலைமை ஆசிரியை வீடு தேடி வந்து, சித்தூர்க் கல்லூரியில் சேருங்கள் என்று சொன்னார். நீங்கள் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு மகளிடம் சொன்னீர்கள்: "அத்தன தூரம் போக வர வண்டி வசதி ஆருக்குக் கண்ணு இருக்குது? பஸ்ஸுல தனியா அனுப்பற பழக்கம் நம்மகிட்ட இல்ல." அவள் அன்று அழவில்லையாம். நேராக மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாளாம். இதை அவள் என்னிடம் ஒரே ஒரு முறை, யாரோ வழிப்போக்கருக்கு வழி சொல்வது போலச் சொல்லியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம், உங்கள் வருடத் திதி வருவதை நினைவுபடுத்தினேன்.

"என்னால ஆகாதுங்க. அந்தக் காரையே சோறாக்கிப் படைக்கச் சொல்லுங்க" என்றாள்.

நீங்கள் பெற்றது ஒரே பிள்ளை. அவள் ஆக்காவிட்டால் உங்கள் படத்துக்கு முன்னால் இலை விழாது. எனக்கு யார் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. அவள் பக்கம் நியாயம் இருந்தது. உங்கள் பக்கம் என்ன இருந்தது என்பதுதான் தெரியவில்லை. அது காருக்குள் எங்காவது இருக்கும் என்று நினைத்தேன். காரைப் பிரித்தால் காரணம் கிடைக்கும் என்று நம்பியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பொள்ளாச்சியிலிருந்து மெக்கானிக் ஆறுமுகத்தை அழைத்து வந்தேன். முதல் நாள் முழுவதும் அவர் எதையும் தொடவில்லை. இரண்டாம் நாள் இன்ஜினைத் திறந்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு விரலை முகரச் சொன்னார்.

"வெளக்கெண்ணைங்க, வாத்தியாரே. வண்டி அச்சுக்குப் போடறத சிலிண்டருக்குள்ள ஊத்தி வெச்சிருக்காருங்க."

"அதனால கெட்டுப்போச்சுங்களா?"

"கெட்டும் போச்சுங்க, கெடாமயும் இருக்குதுங்க. பிசினாட்ட ஒறஞ்சு பிஸ்டனப் புடிச்சிக்கிச்சு. அதே பிசின்தான் துரு ஏறாமயும் காப்பாத்தியிருக்குது. உங்க மாமனாரு இதக் கொன்னாரா, காப்பாத்துனாரான்னு எனக்கு வெளங்கலீங்க."

எனக்கும்தான். மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டையால் மெல்லத் தட்டித் தட்டி, பிஸ்டன் அசைவதற்குப் பதினைந்து நாள் ஆயிற்று. அதற்குள் வேறு சில சங்கதிகள் வெளியே வந்தன.

ஸ்டீயரிங்கில் சந்தனம் விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக, நடுநடுவே குங்குமத்தின் சிவப்புக் கோடு. ஆயுத பூஜையன்று நீங்கள் மட்டும் தட்டோடு கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வீர்களே, மருந்தடிக்கும் மெஷினுக்குப் பூஜை என்று. மெஷின் நம் வீட்டுப் பரணில்தான் இருந்தது, மாமா. நாங்கள் ஏன் ஒருமுறைகூட அதை யோசிக்கவில்லை?

பிறகு அந்த இடது மட்கார்டு. உள்ளே வாங்கியிருந்த நசுங்கலில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. ஆறுமுகம் அதைப் பார்த்தார், எதிரே மாட்டுத் தொழுவத்துச் சுவரைப் பார்த்தார். அங்கே புடைத்து நிற்கும் இடத்தை நம் வீட்டில் 'மயிலைக்காளை முட்டின சுவர்' என்றுதான் சொல்வோம். மற்றவர்கள் எல்லாரும் கோயிலுக்குப் போய் நீங்கள் மட்டும் வீட்டில் இருந்தபோது முட்டியதாகச் சொல்லி, அந்த வாரமே அந்தக் காளையைச் சந்தைக்கு ஓட்டிவிட்டீர்கள். அது நிரபராதி. இதைச் சொல்ல அது இப்போது எங்கே இருக்கிறதோ.

கடைசியில் பின்பக்கப் பெட்டியில் ஒரு தகரம் கிடைத்தது. வெள்ளைப் பூச்சின் மேல் சிவப்பில் எழுதிய எல் போர்டு. யார் பழகியது? நீங்களா?

கூடவே இருந்த ஆர்.சி. புத்தகத்தில் ஓர் ஆங்கிலேயத் துரையின் பெயரும், சூரியநெல்லி எஸ்டேட் விலாசமும், அதற்குக் கீழே உங்கள் பெயரும் இருந்தன. நீங்கள் அந்தப் பக்கம் கறவை மாடு கொண்டுபோய் விற்றுக்கொண்டிருந்த காலம். போய் விசாரித்து வருகிறேன் என்றேன். "நானும் வர்றனுங்க" என்றாள் ருக்மணி. சமாதானமாகச் சொல்லவில்லை, சாட்சி சொல்ல வருகிறவளைப் போலச் சொன்னாள்.

உடுமலை, மறையூர், மூணாறு என்று மூன்று பஸ் மாறிப் போனோம். துரை என்றோ சீமைக்குப் போய்விட்டார். அவருடைய டிரைவர் சுடலைமுத்து, மகன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்வதால் அங்கேயே தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருக்கிறார். உங்கள் பெயரைச் சொன்னோம், தெரியவில்லை. மாட்டு வியாபாரி என்றதும் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"மாட்டுக்கார அய்யாவா? தொரை கையப் புடிச்ச ஆளுல்லா."

"கையப் புடிச்சாரா?"

"கார விக்கப் போறாருன்னு கேள்விப்பட்டு வந்தாவ. வந்ததும் துண்டப் போட்டுத் தொரை கைய உள்ள இழுத்துட்டாவ. தொரை என்னியப் பாக்காரு. சொடலை, இவரு என்ன செய்யுதாருன்னு கேக்காரு. வெல பேசுதாவ தொரைன்னேன்."

சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவது போலவே, துண்டுக்குள் துரையின் விரலைப் பிடித்துக் காரை வாங்கியிருக்கிறீர்கள். சரி. ஆனால் மாடு வாங்கும்போது பல்லைப் பார்ப்பீர்கள், சுழியைப் பார்ப்பீர்கள், நடக்கவிட்டுப் பார்ப்பீர்கள். இதில் எதைப் பார்த்தீர்கள்?

"மூஞ்சிய மட்டும் பாத்தாவ" என்றார் சுடலைமுத்து. "மழைத் தூத்தல் போட்டுக்கிட்டு இருந்துச்சு. தார்ப்பாயப் பூராத் தொறக்க வேண்டாம்னுட்டாவ. மூக்கே இம்புட்டு நீளம்னா வயிறு எம்புட்டு இருக்கும், ஆறு பேரு தாராளமா உக்காரலாம்னு அவியளே சொல்லிக்கிட்டாவ."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"துண்டுக்குள்ள கை இருக்கையில நடுவுல பேசக் கூடாதுல்லா, சார்."

தார்ப்பாயை முழுக்க எடுத்ததும் உங்கள் முகம் மாறியதாம். வேண்டாம் என்றால் துரையிடம் சொல்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். துண்டுக்குள் கொடுத்த வாக்கை மாற்றுவதில்லை, உதைத்தாலும் இனி நம்முடைய மாடுதான் என்றீர்களாம்.

ருக்மணி கேட்டாள்: "எதுக்குங்க வாங்குனாரு?"

"மவளக் காலேசுக்கு அனுப்பணும், வண்டி இல்லாமப் புள்ள வீட்டுல இருக்குன்னு சொன்னாவ." அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்த மவ நீதானாம்மா?"

அவள் லயத்துக்கு வெளியே கொழுந்துக் கூடைகள் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீதியையும் அவரே சொன்னார். காரை ஓட்டி வந்து சேர்த்தவரும் அவர்தான்; உங்களுக்குப் பழக்கித் தருவதற்காக மூன்று நாள் நம் தோட்டத்தில் தங்கினாராம். மற்றவர்கள் கோயிலுக்குப் போயிருந்ததால் வீட்டில் நீங்கள் தவிர யாரும் இல்லையாம். பிரேக்கை அழுத்த வேண்டிய நேரத்தில் நீங்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்து, மாட்டை நிறுத்துவது போல "ஓ... ஓ..." என்றீர்களாம். வண்டி நிற்கவில்லை, சுவர் நிறுத்தியது. அப்புறம் அவர், நானே டிரைவராக இருந்து தினமும் கூட்டிப் போய் வருகிறேன் என்றிருக்கிறார். நீங்கள் காரைச் சுற்றி வந்து கணக்குப் பார்த்தீர்களாம்.

"ரெண்டு சீட்டு. நீ ஒண்ணு, எம்புள்ள ஒண்ணு. கூட வர்ற நான் எங்கப்பா உக்கார்றது?"

சீட்டுக்குப் பின்னால் சாமான் வைக்கும் இடம் இருக்கிறதே என்று அவர் விளையாட்டாகச் சொன்னாராம். நீங்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வேட்டியை மடித்துக் கட்டி, காலை மடக்கி, அந்த இடத்தில் ஏறி உட்கார்ந்து, வாய்க்கால் மேடு வரை போய்த் திரும்பியிருக்கிறீர்கள். இறங்க இரண்டு பேர் தேவைப்பட்டதாம். இறங்கியதும், "ஊரு சிரிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சக்கரத்தைக் கழற்றச் சொன்னீர்களாம்.

இவ்வளவுதான் காரணம். தெரிந்துகொண்டால் தெளிவு வரும் என்று நினைத்தேன், மாமா. குழப்பம்தான் கூடியிருக்கிறது. மகளைப் படிக்க வைக்க ஒரு காரையே வாங்கியவரும், அவளைப் படிக்க விடாதவரும் ஒரே ஆள் என்றால், நான் யார்மேல் கோபப்படுவது? வாங்கியதைச் சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். சிரித்துவிட்டுப் பஸ்ஸில் போய் வந்திருப்பாள். சொல்வது அவ்வளவு கஷ்டமாகவா இருந்தது? வருடா வருடம் சந்தனம் வைத்தீர்களே, யாரிடம் என்ன கேட்டுக்கொண்டு வைத்தீர்கள்?

திரும்பும் வழியில் மறையூரில் பஸ் டீக்கு நின்றபோது ருக்மணி சொன்னாள்: "ரெண்டு சீட்டுப் போதுமுங்களே. நான் ஓட்டியிருப்பேன். அய்யன் பக்கத்துல உக்காந்திருப்பாரு."

அந்த எண்ணம் உங்களுக்கும் தோன்றவில்லை, சுடலைமுத்துவுக்கும் தோன்றவில்லை. இதில் நான் உங்களைக் குறை சொல்ல வழியில்லை. கார் கிடைத்து ஒரு மாதமாக, அது ஓடத் தொடங்கினால் நான் ஓட்டுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆறுமுகம் ஸ்டீயரிங்கில் இருந்த சந்தனத்தைச் சுரண்ட உட்கார்ந்தார். "அத மட்டும் உடுங்கண்ணா" என்றாள் ருக்மணி. "கையில ஒட்டுமே அம்மிணி" என்றார் அவர். "ஒட்டட்டுமுங்க."

சக்கரம் மாட்டி இன்ஜினும் ஓடத் தொடங்கியதும், ஐந்து வாரம் ஆறுமுகமே அவளுக்குப் பழக்கினார். அவள் எதிலும் முட்டவில்லை. மயிலைக்காளையின் சுவர் அப்படியே இருக்கிறது.

இன்று உங்கள் திதி. விடிவதற்குள் அடுப்படியில் சத்தம் கேட்டது. உங்களுக்குப் பிடித்த பச்சைப்பயிறும் கத்திரிக்காயும் ஆக்கியிருந்தாள். இலை போட்டு, கும்பிட்டு, காக்காய்க்கு வைத்துவிட்டு வந்தாள். கோபம் போய்விட்டதா என்று கேட்டேன். "தெரீலீங்க. சோறு ஆக்கிட்டேன்" என்றாள். பிறகு அந்தப் பழைய எல் போர்டைக் கொண்டுவந்து காரின் முன்னால் கம்பி போட்டுக் கட்டினாள். "ஏறுங்க" என்றாள்.

வாய்க்கால் மேடு வரை போனோம். நீங்கள் காலை மடக்கி உட்கார்ந்து போன அதே வழி. ஊர் முழுக்கப் பார்த்தது. எருமையை ஓட்டிக்கொண்டு வந்த நம் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். நீங்கள் பயந்த சிரிப்பு இதோ வருகிறது என்று நினைத்தேன். அவர் காரை முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏனம்மிணி, இதுல கன்னுக்குட்டி ஏத்த முடியுமா?"

"முடியாதுங்க மாமா."

"அப்பறம் என்னத்துக்கு" என்று சொல்லிவிட்டு எருமையோடு போய்விட்டார்.

ஊர் கேட்டது அவ்வளவுதான். இதற்கா பன்னிரண்டு வருடம் கதவைச் சாத்தி வைத்தீர்கள்? அன்று கேட்டிருந்தாலும் இதையேதான் கேட்டிருக்குமா, இல்லை வேறு ஏதாவது பேசியிருக்குமா? எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தால், நீங்கள் சொல்லாமல் போன பலவற்றில் அதையும் சேர்த்துக்கொள்கிறோம்.

வீட்டுக்குத் திரும்புவாள் என்று பார்த்தால், மேட்டில் நிறுத்தாமல் சித்தூர் ரோட்டில் திருப்பினாள். கல்லூரியில், எஸ்.எஸ்.எல்.சி.க்கு அடுத்த படிப்பான ப்ரீ-டிகிரிக்குத் தனியாகப் படித்துத் தேர்வு எழுத விண்ணப்பம் கொடுக்கிறார்களாம். எப்போது விசாரித்தாள் என்பது எனக்குத் தெரியாது. இந்தக் குடும்பத்தில் யாரும் எதையும் முன்னாலேயே சொல்வதில்லை. விண்ணப்பத்தை வாங்கி, என் மடியில் வைத்துவிட்டு, வண்டியை எடுத்தாள். விரலில் சந்தனம் ஒட்டியிருந்தது.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், மாமா. கையை நீட்டுங்கள், துண்டைப் போட்டுக்கொள்வோம். இன்ஜினுக்குள் விளக்கெண்ணெய் போகாமல் பார்த்துக்கொள்கிறேன். அவள் ஓட்டும்போது வழி சொல்ல மாட்டேன், பிரேக் என்று கத்த மாட்டேன். அவள் தேர்வு எழுதப் போகும் நாளெல்லாம், நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இடது பக்கத்துச் சீட்டிலிருந்து,
உங்கள் ருக்மணியின் வீட்டுக்காரன்,
உங்கள் மாப்பிள்ளை.