மூத்தாளின் ஜெபம்

கர்த்தருக்குள் பிரியமான எஸ்தர் அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். 'பிரியமான' என்று எழுதும்போதே கை நின்றுவிட்டது. உண்மையைச் சொன்னால், உன்மேல் எனக்குப் பிரியத்தைவிடப் பொறாமைதான் அதிகம். நீ இறந்து மூன்று வருஷம் ஆகிறது. நீ விட்டுப் போன வீட்டில், நீ விட்டுப் போன மனுஷனுக்கு இரண்டாம் மனைவியாக ஒன்றரை வருஷமாய் இருக்கிறேன். ஞானஸ்நானத்தில் எனக்கு மார்த்தாள் என்று பெயர் வைத்தார்கள். எதற்கெடுத்தாலும் கவலைப்பட்ட ஒருத்தியின் பெயர் அது என்று பிறகுதான் தெரிந்தது. போதகர் என்னைச் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறார்.

நேரில் என்றால் 'நீங்கள்' என்றுதான் சொல்வேன். மனசுக்குள் உன்னோடு சண்டை போட்டுப் போட்டு 'நீ' பழகிவிட்டது. பொறுத்துக்கொள்.

எதில் பொறாமை என்று கேட்கிறாயா? எதில் இல்லை என்று கேள். நான் களி கிண்டினால், எஸ்தர் களியில் ஒரு கட்டிகூட இருக்காது என்கிறாள் பக்கத்து வீட்டுத் தெலுங்கம்மா. கோயிலில் நான் பாட வாய் திறந்தால் முன் பெஞ்சு திரும்பிப் பார்க்கிறது. பெங்களூர் ஸ்டூடியோவில் எடுத்த உன் படம் அடுப்புக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறது. நான் குழம்பைக் கருக்கும்போதெல்லாம் நீ பார்த்துக்கொண்டே இருக்கிறாய். ஒருநாள் அந்த ஆணியிலேயே முறத்தை மாட்டி உன்னை மறைத்து வைத்தேன். உன் மகள் லில்லி வந்தாள். முக்காலி போட்டு ஏறி, முறத்தை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு இப்போது ஏழு வயசு. உன் நெற்றி, உன் பிடிவாதம் என்கிறார்கள்.

உன்னை நான் பார்த்தது ஒரே ஒரு முறை, குந்தாரப்பள்ளிச் சந்தையில். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஞானஸ்நானமும் ஆகவில்லை. பேரிகையிலிருந்து அம்மாவோடு புளி விற்க வந்திருந்தேன். நீ வெள்ளைச் சேலையில் குடை பிடித்து நடந்தாய். பின்னால் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெண்டாட்டிக்குக் கூடை தூக்குகிற ஆம்பிளையை நான் அதுவரை பார்த்ததே இல்லை. "யாரும்மா அவங்க?" என்று கேட்டேன். "சூளகிரி வேதக்காரங்க. அவரு பஸ் கண்டக்டரு" என்றாள் அம்மா. அன்றைக்கே பொறாமைதான். அந்தக் கூடையை ஒருநாள் எனக்காகத் தூக்கப் போகிறார் என்று தெரிந்திருந்தால், வாயை மூடிக்கொண்டு புளியை விற்றிருப்பேன்.

இதெல்லாம் சின்னப் பொறாமை. தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது ஒன்று இருந்தது. நீ பயமே இல்லாமல் போனாய் என்கிறார்களே, அதுதான்.

இரண்டு நாள் பிரசவ வேதனை, பிள்ளையும் தங்கவில்லை, நீயும் தங்கவில்லை. ஆனாலும் நீ பாடிக்கொண்டே போனாயாம். போதகர் அதை வைத்து எத்தனையோ பிரசங்கம் செய்துவிட்டார். சபையில் யார் முழுகாமல் இருந்தாலும் உன் கதையைத்தான் மருந்து மாதிரி கொடுக்கிறார்கள். எனக்கும் கொடுத்தார்கள்.

ஆமாம் அக்கா, எனக்கு எட்டு மாதம் முடிந்து பத்து நாள் ஆகிறது. கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. பெங்களூர்ப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா விரலால் அமுக்கிப் பார்த்தார். பதிந்த குழி மேலே வரவே இல்லை. "இனி இவங்கள வீட்டுல வெச்சிருக்காதீங்க. ஒரு வாரத்துல கொண்டாந்து சேருங்க" என்று நம் வீட்டுக்காரரிடம் சொன்னார். அன்றைக்குப் பிடித்த பயம். கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது கயிறு கையை விட்டு நழுவுகிறது. பிள்ளைக்குத் தைத்த சட்டையை மடிக்கும்போது, இதை யார் போட்டுவிடுவார்கள் என்று நினைத்து அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போதகரம்மா என் தலையில் கை வைத்து ஜெபித்தார். முடித்துவிட்டு, "எஸ்தர் மாதிரி தைரியமா இரும்மா. அவ பாட்டுப் பாடிக்கிட்டே போனா" என்றார். போனாள் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. பயந்தவள் ஜெபித்தால் ஆண்டவர் கேட்பாரா? இதை யாரிடம் போய்க் கேட்பது? உன்னிடம் கேட்கலாமென்றால், உனக்குத்தான் பயம் என்றால் என்னவென்றே தெரியாதே. அன்று வீட்டுக்கு வந்து உன் படத்தை முறைத்துப் பார்த்து, "உனக்கென்ன, மகராசி" என்று திட்டினேன்.

செவ்வாய்க்கிழமை பேரிகையிலிருந்து அம்மா வந்தாள். நான் வேதத்துக்கு வந்தாலும் அம்மா வரவில்லை, அவளுக்கு அவள் சாமிகள். மடியிலிருந்து ஒரு சின்ன வெள்ளித் தகட்டை எடுத்தாள். அதில் ஒரு பெண் உருவம் அடித்திருந்தது. எங்கள் பக்கத்தில் அது வழக்கம். மூத்தாள் செத்து இளையாள் வந்தால், மூத்தாளின் உருவத்தை இளையாள் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டாவிட்டால் மூத்தாள் பொறாமைப்பட்டு, பிரசவத்தின்போது இளையாளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்பார்கள்.

எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. யார்மேல் யாருக்குப் பொறாமை? ஆனாலும் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். சிலுவை கோத்த என் தாலிக் கயிற்றிலேயே அதையும் கோத்து, ரவிக்கைக்குள் மறைத்துக்கொண்டேன். ஆண்டவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன், கழற்றவும் இல்லை. இப்படி இரண்டு பக்கமும் வேண்டிக்கொள்கிறவளை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று மாலை அது வெளியே வந்துவிட்டது. லில்லிக்குச் சட்டைப் பித்தான் போடக் குனிந்தேன். தகடு நழுவி அவள் மூக்குக்கு நேரே தொங்கியது.

"இது யாரு சித்தி?"

வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த அம்மா முந்திக்கொண்டாள். "உங்கம்மாதான் கண்ணு."

லில்லிக்கு முகமெல்லாம் சிரிப்பு. தகட்டைக் கையில் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கம்மா இதவிட அழகு. எதுக்கு சித்தி கட்டியிருக்கீங்க? அம்மா உங்கள பாத்துக்கறதுக்கா?"

"பாத்துக்கறதுக்கு இல்ல கண்ணு. வந்து சித்திய இட்டுகினு போவாம இருக்கறதுக்கு" என்றாள் அம்மா. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அவளுக்கு அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

லில்லி தகட்டைக் கையிலிருந்து விட்டாள். "எங்கம்மா அப்பிடிப் பண்ண மாட்டாங்க" என்றாள். போய் உன் படத்தின் கீழே நின்றுகொண்டாள். அழவில்லை. தைரியமான அம்மாவுக்குப் பிறந்தவள் அழக் கூடாது என்று அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பிள்ளையின் தாயைப் பேயாக்கி என் கழுத்தில் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது அக்கா. அப்படி ஒரு வெட்கத்தை நான் பட்டதில்லை.

திரும்பினால் வாசலில் அவர் நிற்கிறார். தோளில் டிக்கெட் பை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். பையைக்கூடக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"மார்த்தா, நான் ஒரு பொய் சொல்லிட்டன். எஸ்தர் பாடிகினு போவல. ரெண்டு நாளும் பயந்துதான் கெடந்தா. எங் கையப் புடிச்சவ விடவே இல்ல. இங்க பாரு, நகம் பதிஞ்ச தழும்பு. போதகரு வந்து எப்பிடிப் போனாங்கன்னு கேட்டாரு. பயந்தான்னு சொன்னா அவ விசுவாசத்தக் கொறச்சலா நெனைப்பாங்களேன்னு, பாடிகினே போனான்னு சொல்லிட்டன். அது பிரசங்கத்துல ஏறிடிச்சி. அப்பறம் எறக்க முடியல."

தினமும் பஸ் படியில் நின்று 'ஏறு, எக்கு, ஹத்து' என்று மூன்று பாஷையில் கத்துகிற மனுஷன், அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"மொத நாளு ஒரே கோவம் அவளுக்கு. 'நான் போயிட்டா நீங்க இன்னொருத்தியக் கட்டிக்குவீங்க, எனக்குத் தெரியாதா'ன்னு அழுதா. யாருன்னே தெரியாம உன்னத்தான் திட்டினா."

"பாத்தியா, நான் சொல்லல?" என்றாள் அம்மா.

"இருங்க அத்த, இன்னும் முடிக்கல" என்றார் அவர். "ரெண்டாம் நாளு காலையில சத்தமா ஜெபம் பண்ணா. 'ஆண்டவரே, எனக்குப் பயமா இருக்குது. நான் போனா இவரு சும்மா இருக்க மாட்டாரு. வர்றவ என்னவிட அழகா இருக்க வேணாம். ஆனா எம் புள்ளைக்கு நல்லவளா இருக்கட்டும். அவளுக்கும் ஒரு நாளு இந்த வலி வரும். அப்ப அவள இப்பிடித் தவிக்க விட்டுடாதீங்கப்பா'ன்னா. அப்பறம் கொஞ்ச நேரத்துக்கு அவ கைப் பிடி லேசாச்சி. அவ்வளவுதான்."

நான் முதலில் சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அழகாக இருக்க வேண்டாமாம்! பிறகு எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

பயந்தவளா நீ? நீயுமா? என்னைப் பார்க்காமலே என்மேல் பொறாமைப்பட்டவளா? அப்படிப் பொறாமைப்பட்டுக்கொண்டே எனக்காகக் கேட்டவளா? இந்தச் சபையில் யாருக்கும் என்னைத் தெரியாத காலத்தில், நான் பேரிகையில் புளி அடித்துக்கொண்டிருந்த காலத்தில், என் பிரசவத்துக்காக ஒருத்தி ஜெபித்திருக்கிறாள். நம் ஆண்டவரும் சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்தில் முழங்கால் போட்டபோது வியர்த்துக் கலங்கித்தானே இருந்தார்? கூட விழித்திருங்கள் என்று சிநேகிதர்களைக் கெஞ்சினாரே. அந்தப் பகுதியை எத்தனை முறை வாசிக்கக் கேட்டிருக்கிறேன். அது என்னைப் போன்றவர்களுக்கும் எழுதியதுதான் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

தகட்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "உஞ்சாமி உனக்கு. எம் பயம் எனக்கு. நான் வெச்சிக்கறன்" என்று தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் தடுக்கவில்லை. அவளும் பெற்றவள்தானே.

லில்லி மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். "எங்கம்மாவும் பயந்தாங்களா சித்தி?"

"ஆமா கண்ணு."

"அப்ப நானும் பயப்படலாமா?"

"பயப்படலாம். பயந்துகினே ஜெபம் பண்ணலாம்."

அதற்குப் பிறகு அழுதாள், அக்கா. நான் இந்த வீட்டுக்கு வந்து முதல் முறையாக அழுதாள். மடியில் இடமில்லை, வயிறு. பக்கத்தில் சாய்ந்துகொண்டு, நீங்களும் போயிடாதீங்க என்று சொல்லிச் சொல்லி அழுதாள். போக மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. போகக் கூடாது என்று நானும் கேட்கிறேன், நீயும் கேள் என்றேன். இரண்டு பேரும் கேட்டோம்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அவர் கண்டக்டராகப் போகிற அதே பஸ். முன் சீட்டை எனக்காக ஒதுக்கி வைக்கிறார், பள்ளத்தில் மெதுவாக ஓட்டச் சொல்லி டிரைவரிடம் இப்போதே சண்டை. பாஷைவாரியாகப் பிரிக்கும்போது ஓசூர் மைசூர் ராஜ்யத்தோடு போகுமா, சென்னையோடு நிற்குமா என்று அந்தப் பஸ்ஸில் தினமும் வாக்குவாதமாம். எதனோடு வேண்டுமானாலும் போகட்டும், ஆஸ்பத்திரி வரை ரோடு நன்றாக இருந்தால் போதும். லில்லியை அம்மா பார்த்துக்கொள்வாள்.

பயம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். அந்தப் பொய் ஏற்கெனவே ஒரு முறை இந்த வீட்டில் சொல்லியாகிவிட்டது. ஆனால் இன்று காலை முழங்கால் போட்டு, எனக்குப் பயமாக இருக்கிறது என்று நேராகவே சொல்லிவிட்டேன். இத்தனை நாள் ஆண்டவரிடம் தைரியசாலி மாதிரி நடித்துக்கொண்டிருந்திருக்கிறேன், பார்.

பொறாமையும் போகவில்லை. இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. உன்னைப்போல் ஜெபிக்க எனக்கு வரவில்லையே! நான் போனால் எனக்குப் பிறகு வருகிறவளுக்காக நானும் ஜெபிக்கப் பார்த்தேன். அவளுக்குப் பல் கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டும் என்பதற்குமேல் வார்த்தை வரவில்லை. நிறுத்திவிட்டேன்.

ஒருவேளை நான் அங்கேதான் வந்து சேருவேன் என்றால், உன் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் போட்டு வை. ஆனால் அவசரமே இல்லை அக்கா. வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்தாலும் பரவாயில்லை.

பெண் பிறந்தால் உன் பெயரை வைக்கலாம் என்கிறார் அவர். வைக்க மாட்டேன். ஒரு வீட்டுக்கு ஓர் எஸ்தர் போதும். வேறு சில வாக்குகள் தருகிறேன். உன் படத்தை இனி முறத்தால் மறைக்க மாட்டேன். நீ பயந்ததையும், கோபப்பட்டதையும், அதற்குள்ளேயே ஜெபித்ததையும் லில்லிக்கு வளர வளரச் சொல்லுவேன். போதகரம்மாவிடமும் சொல்லச் சொல்லி அவரிடம் கேட்டிருக்கிறேன். பயந்து கிடக்கிற அடுத்தவளுக்கு அது உதவும்.

என்னைப் பற்றி நீ ஜெபத்தில் கேட்டதில் முதல் வரி அப்படியே பலித்திருக்கிறது. கண்ணாடியையும் உன் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அதைக் கேட்டவர் கடைசி வரியையும் கேட்டிருப்பார் என்று நம்பித்தான் நாளை பஸ் ஏறுகிறேன். நடுவில் உள்ள வரி லில்லியைப் பற்றியது. அதை என்னிடம் விடு. என் உயிர் உள்ள மட்டும் அது என் பொறுப்பு.

நீ கேட்டு வாங்கிய தங்கை,
மார்த்தாள்
சூளகிரி