நாலு கிலோபைட் கடல்

மார்ச் 3, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவருடைய மெசேஜ் வந்தது. "என் மியூசிக்க எடுத்துடு. இந்த வருஷம் நான் வேற டீம்." அவ்வளவுதான். விவாகரத்து ஆனாலும் டெமோ போட்டிக்கு நாம் ஒரே டீம்தான் என்று சொன்னவரும் அவர்தான். நானும் நம்பினேனே —

போட்டி இந்த மாசக் கடைசியில். குட்டியாக ஒரு புரோகிராம் எழுதி, படத்தையும் இசையையும் திரையில் ஓடவிட்டுக் காட்ட வேண்டும்.

மார்ச் 4

எடுத்துவிட்டேன். திரையில் என் கடல் ஊமையாக ஓடுகிறது.

போட்டி விதிப்படி மொத்த புரோகிராமும் நாலு கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். அது செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்குக்கூடக் காணாத இடம். அதற்குள் அலையும் வானமும் வெளிச்சமும் வெறும் கணக்காக இருக்கின்றன. ஓடவிட்டால் கம்ப்யூட்டரே வரைந்துகொள்ளும். இசையும் அப்படித்தான் பிறக்க வேண்டும். எனக்குப் பாட்டும் தெரியாது, தாளமும் தெரியாது.

தங்கை போனில், "இந்த வருஷம் விட்டுடேன்க்கா. யாரு கேக்கப்போறா?" என்றாள்.

நான் கேட்பேன்.

மார்ச் 9

கடலுக்கு எதற்குப் பாட்டு? கம்ப்யூட்டரை வாய்க்கு வந்தபடி எண்களை உளறவிட்டால் இரைச்சல் வருகிறது. அதை ஏற்றி இறக்கினால் அலை.

மார்ச் 11

தங்கைக்குப் போட்டுக் காட்டினேன். "குக்கர் மாதிரி இருக்குக்கா." அழித்தேன்.

மார்ச் 17

புதிதாகச் செய்து தங்கைக்கு மறுபடி போட்டேன். "கால் நனையுற மாதிரி இருக்குக்கா" என்றாள்.

மார்ச் 27, வெள்ளி

பெரிய கூடம். நீள மேசைகள், எங்கும் ஒயர், மேசைக்கடியில் தூங்குகிறவர்கள். அவர் எதிர் வரிசையில். பார்த்தார், நானும் பார்த்தேன்.

போட்டி மெஷினில் என் கடல் ஓடவில்லை. கறுப்புத் திரை. போட்டி நடத்தும் தாடிக்காரர், "சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணிக் குடுங்க. இல்லன்னா சேக்க முடியாது" என்றார்.

தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். திருத்தியதில் அளவு மீறிவிட்டது. எதை வெட்டுவது? அலையையா, வெளிச்சத்தையா? கடல் முடிந்ததும் திரையில் வரும் டீம் பெயர் கண்ணில் பட்டது. எங்கள் இரண்டு பேர் பெயரையும் ஒட்டி வைத்த பெயர் அது.

வெட்டினேன். அடங்கிவிட்டது.

மார்ச் 28

விளக்கை அணைத்தார்கள். சுவர் முழுக்க என் கடல். கூடம் முழுக்க அலைச் சத்தம். முடிந்ததும் கைதட்டல்.

மூன்றாவது இடம். அவர் டீமுக்கு இரண்டாவது.

வாசலில் கேட்டார்: "அந்தச் சத்தம் யாரு போட்டது?"

"நான்தான்."

"நீயா?"

"நான்தான்னு சொன்னேனே."

ஏப்ரல் 6

அவரிடமிருந்து மெசேஜ்: "அந்த அலைச் சத்தத்த என் புதுப் பாட்டுல சேத்துக்கலாமா?"

"சேத்துக்கோங்க. என் பேரப் போட்டுடுங்க" என்று அனுப்பினேன்.

பிறகு புதிதாக ஒரு ஃபைல் திறந்தேன். இந்தத் தடவை மழை. சத்தத்திலிருந்து தொடங்குகிறேன்.