கனடா தம்பியின் முழங்கால்

ஆவடி,
செப்டம்பர் 28

அன்புள்ள பிராங்குக்கு அப்பா எழுதுவது,

ஆண்டவர் கிருபையில் இங்கே இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. உன் சுகத்தைக் கேட்கத்தான் மனசு வரவில்லை. உன்னை டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று செவ்வாய்க்கிழமை நீ போனில் சொன்னபோது, சரிப்பா, சாப்பிட்டியா என்று கேட்டு வைத்துவிட்டேன். அம்மா பக்கத்திலேயே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், அதனால்தான் இந்தக் காகிதம். வந்து சேரப் பதினைந்து நாள் ஆகுமாம், ஆகட்டும், இதில் அவசரம் ஒன்றும் இல்லை.

உன் தங்கை ஜாஸ்லின் நெமிலிச்சேரியிலிருந்து ஞாயிறு தவறாமல் வருகிறாள். பக்கத்து வீட்டுத் தமிழரசு இன்னமும், இன்னா சார், புள்ள ஆடுறானா குந்திகினே கீறானா என்று கேட்கிறார், நிற்கிறான் என்று சொல்லி வைப்பேன். நீ கனடாவில் அத்தை வீட்டிலிருந்து படித்தபோது, கையால் எறிந்து ஆடும் அந்த ஊர் ஃபுட்பாலில் காலேஜுக்கு நீதான் பந்தெறியும் முதல் ஆள் என்று அத்தை அனுப்பிய படங்களைச் சர்ச் முழுக்கக் காட்டினோம், சம்பளத்துக்கு ஆடப்போனதும் நீ இரண்டாவது ஆள் ஆகிவிட்டாய். ஆறு வருஷமாகக் காலையில் காபியோடு போனில் பார்க்கிறோம், நீ ஓரத்தில் தொப்பியோடு நிற்பாய், இன்னொருவன் உதைப்பதற்காக முட்டிபோட்டுப் பந்தைப் பிடித்துக் கொடுப்பாய், அந்த ஒரு நிமிஷத்துக்காக அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வாள். ஃபேக்டரியில் பதினெட்டு வருஷம் ஸ்டாண்ட்பை ஜெனரேட்டரைப் பார்த்தவன் நான், கரண்ட் போனால்தான் அதற்கு மரியாதை. அதை உன் அம்மாவுக்குச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

என் பிள்ளைக்கு ஒரு வாசலைத் திற என்று ஆறு வருஷமும் ஜெபித்தாள். ஜூலையில் அந்த முதல் ஆள் விழுந்து நீ உள்ளே ஓடினாயே, அந்த ஞாயிறே ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள், போதகரும் உன் பெயரைச் சொல்லி வாசித்தார். சாயங்காலம் ஜாஸ்லின் முழு வீடியோவையும் காட்டினாள். அந்தப் பையன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்தவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை, ஒரு தாய் பெத்த புள்ள விழுந்ததுக்கு நான் ஸ்தோத்திரம் சொல்லிட்டேனே என்று ஒரே புலம்பல். நீ மூன்று ஆட்டம் தோற்றதும், உன் இடத்துக்குப் புதுப் பையன் வந்ததும் தன் பாவம்தான் என்கிறாள். நீ எதிராளி கையில் எறிந்ததற்கு அவள் என்ன செய்வாள், எறிந்தது நீதானே. சொன்னால் கேட்கவா போகிறாள். அன்று முதல் வெள்ளிக்கிழமை உபவாசம், ஜெபச் சீட்டில் கனடா தம்பி, முழங்கால் என்று எழுதிப் போடுகிறாள், உன் பெயரை எழுதுவதில்லை.

முதல் ஆள் குணமாகி வந்துவிட்டான், இரண்டாவதுக்குப் புதுப் பையன் போதும், மூன்றாவதாக நான் வேண்டாமாம் என்றாய் செவ்வாய்க்கிழமை. உனக்காக ஆறு வருஷம் கேட்டது மூன்று ஆட்டத்தோடு போனது, அந்த முழங்காலுக்குப் பத்தே வாரம். அவன் ஓடுவதை ஜாஸ்லின் காட்டியிருக்கிறாள். அம்மா அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள், நாளை சர்ச்சில் எழுந்து சாட்சி சொல்லப் போகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொல்ல வேண்டும்.

முப்பத்தொரு வயதில் இங்கே வா என்று கூப்பிடவும் எனக்கு வழி தெரியவில்லை, ஆவடியில் அந்த ஆட்டத்தை வைத்து என்ன செய்வாய். அத்தை வீட்டுக்குப் போய் இரு, தோள்பட்டைக்கு ஒத்தடம் கொடு, ஏதாவது வேலைக்கு எழுதிப் போடு. கர்த்தர் உன்னைக் காப்பாராக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, உன்னை எடுத்துவிட்டது அம்மாவுக்குத் தெரியாது, போனில் கேட்டால் முன்போல ஓரத்தில்தான் நிற்கிறேன் என்று சொல். இந்த ஒரு ஜெபமாவது யாருக்கும் நஷ்டமில்லாமல் பலித்ததாக அவள் நினைத்துக்கொள்ளட்டும்.

உன் அப்பா,
பிரகாசம்